இழுப்பு இல்லாத நாளிலும் ஆஸ்துமா இருக்கிறது

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பனுக்கு ஆஸ்துமா என்பது எனக்குத் தெரியவே எட்டு மாதம் ஆனது. இன்ஹேலரை ஒரு பழைய சாக்ஸுக்குள் சுருட்டி அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தான். ஒரு நாள் இரவு இரண்டு மணி தாண்டி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோள்கள் ஏறி இறங்க அவன் மூச்சுக்குத் திணறியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நாங்கள் ஐந்தாறு பேர் அவனைச் சுற்றி நின்றோம். படுத்துக்கொள் என்றோம். தண்ணீர் கொடுத்தோம். "டென்ஷன் ஆகாதே, எல்லாம் மனசுதான்" என்றோம். அவன் இன்ஹேலரை எடுத்தபோது "அடிக்கடி எடுத்தால் அதுக்கு அடிமை ஆகிடுவேடா" என்று ஒருவன் கையைப் பிடித்தான்.

எல்லாருக்கும் அவன் மேல் அக்கறைதான். ஆனால் செய்ததில் எதுவுமே சரியில்லை.

அதற்குப் பிறகு மாணவர்களிடம் பேச வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் ஆஸ்துமா பற்றிக் கேட்பேன். பதில்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே வரும்: தூசி அலர்ஜி, சின்ன வயதில் வருவது, மூச்சு இழுக்கும், பம்ப் அடித்தால் போய்விடும். அறிவியல் படிப்பவர்களிடமும் இதே பதில்தான். ஆஸ்துமா இருப்பவர்களே இப்படிச் சொல்வதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு எண்ணம் கிடக்கிறது. ஆஸ்துமா அப்பப்போ வந்துவிட்டுப் போகிற ஒன்று என்கிற எண்ணம். அதைச் சரிசெய்துவிட்டால் மீதிக் குழப்பங்களில் பாதி தானாகவே விலகிவிடும் என்பதால், மூச்சு எப்படிப் போய் வருகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

தலைகீழாக நிற்கும் மரம்

ஒரு மரத்தைத் தலைகீழாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தொண்டைக்குக் கீழே இறங்கும் பெரிய குழாய்தான் அடிமரம். அது இரண்டு கிளையாகப் பிரிந்து ஒவ்வொரு நுரையீரலுக்கும் ஒன்றாகப் போகிறது, அதற்குப் பிறகு கிளைக்குக் கிளை பிரிந்துகொண்டே போய், ஏறத்தாழ 23 முறை பிரிந்த பின் கடைசியில் இலைகளைப் போல இருக்கும் சின்னஞ்சிறு காற்றுப்பைகளில் முடிகிறது. அந்தப் பைகள் கோடிக்கணக்கில் உண்டு. ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவதும் கரியமில வாயு வெளியே வருவதும் அங்கேதான்.

ஆஸ்துமாவில் சிக்கல் இலைகளில் இல்லை, கிளைகளில். அதாவது காற்று போய்வருகிற வழியில். இந்தக் கிளைகளைத்தான் இனி மூச்சுக்குழாய்கள் என்று சொல்லப்போகிறேன். அவற்றின் உட்புறம் ஈரமான மெல்லிய சவ்வு. அதைச் சுற்றி, ஒரு ரப்பர் வளையம் போல, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தசை. சவ்வின் மேல் தூசியையும் கிருமியையும் பிடித்து வைக்கக் கொஞ்சம் சளி. சாதாரண நாளில் மூன்றும் நமக்கு நன்மைதான் செய்கின்றன.

இழுப்பின்போது உள்ளே நடப்பது

ஆஸ்துமா இழுப்பு வரும்போது இந்த மூன்றுமே நமக்கு எதிராகத் திரும்புகின்றன. சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது, உள்சவ்வு வீங்குகிறது, சளி அளவுக்கு மீறிச் சுரந்து கெட்டியாகிறது. ஒரு குழாயை வெளியிலிருந்து நெரித்து, உள்ளுக்குள் கனமான துணியை ஒட்டி, மிச்சமிருக்கும் இடைவெளியிலும் பசையை ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி.

குழாய் கொஞ்சம் குறுகினால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். சாறு குடிக்கும் ஒரு சாதாரண ஸ்ட்ராவையும், அதில் பாதி அகலமுள்ள ஒன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவதில் காற்றை இழுக்க இரண்டு மடங்கு முயற்சி போதும் என்று நினைப்போம். உண்மையில், சீராக ஓடும் காற்றுக்கு, குழாயின் அகலம் பாதியானால் தடை 16 மடங்காகிறது. அதனால்தான் காலையில் லேசாகத் தொடங்கிய இறுக்கம் மாலைக்குள் ஒருவரைப் பேசவே முடியாத நிலைக்குக் கொண்டுவந்துவிட முடிகிறது. இடையில் குழாய் குறுகியது என்னவோ கொஞ்சம்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. "மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை" என்பதுதான் ஆஸ்துமா என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பெரிய தொல்லை மூச்சை வெளியே விடுவதில்தான். மூச்சு விடும்போது மூச்சுக்குழாய்கள் இயல்பாகவே கொஞ்சம் ஒடுங்கும். ஏற்கெனவே குறுகிய குழாய் இன்னும் ஒடுங்கினால் உள்ளே போன காற்று வெளியே வராமல் தேங்கிவிடும். உங்களுக்கு மூச்சுத் தொல்லை எதுவும் இல்லையென்றால் ஒன்று செய்து பாருங்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள், அதில் கொஞ்சமே கொஞ்சம் வெளியே விடுங்கள், உடனே மறுபடி இழுங்கள், மறுபடி கொஞ்சம் மட்டும் விடுங்கள். நாலைந்து தடவைக்குள் நெஞ்சு நிரம்பிப்போய், அடுத்த மூச்சுக்கு உள்ளே இடமே இல்லாத ஒரு திகைப்பு வரும். என் நண்பன் அன்று இரவு இருந்தது அந்த நிலையில். அவனைப் போய்ப் படுக்கச் சொன்னோம்.

அந்தச் சீழ்க்கைச் சத்தமும், அதாவது நாம் வீசிங் என்று சொல்வதும், குறுகிய குழாய் வழியே காற்று பிதுங்கி வெளியேறும் ஓசைதான். ஆனால் வீசிங் கேட்டால் ஆஸ்துமா, கேட்காவிட்டால் ஆஸ்துமா இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. சிலருக்கு இரவிலும் விடியற்காலையிலும் வரும் வறட்டு இருமல் மட்டுமே அடையாளமாக இருக்கும். இழுப்பு மிகக் கடுமையாகிவிட்டால் காற்றே போகாததால் சத்தமும் அடங்கிவிடும்; அந்த அமைதி ஆபத்தின் அறிகுறி.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தசை இறுக்கம், சவ்வு வீக்கம், சளி ஆகிய மூன்றும் சேர்ந்து மூச்சுக்குழாயைக் குறுக்குகின்றன. அதனால் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவது கடினமாகிறது.

இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவில்

இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் நின்றுவிடுகின்றன. கட்டுரையின் முக்கியமான இடமும் இதுதான்.

வெயிலில் கன்றிப்போன தோளை நினைத்துப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது ஒன்றும் செய்யாது, சட்டை போட்டால் வெளியே தெரியவும் தெரியாது. ஆனால் யாராவது செல்லமாக ஒரு தட்டு தட்டினால் துள்ளிவிடுவோம். அதே தட்டு இன்னொருவர் தோளில் விழுந்தால் அவர் கவனிக்கக்கூட மாட்டார். தட்டு ஒன்றுதான், தோல்தான் வேறு.

ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய்ச் சவ்வு அப்படிக் கன்றியே இருக்கிறது. உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் அங்கே கூடிநின்று, ஆபத்து எதுவும் இல்லாதபோதும் ஏதோ படையெடுப்பு நடப்பதுபோலப் பலவித ரசாயனங்களைக் கசியவிட்டுக்கொண்டிருக்கின்றன. இந்தத் தொடர்ச்சியான சிவப்பு, வீக்கம், எரிச்சல் ஆகியவற்றுக்கு மருத்துவத்தில் அழற்சி என்று பெயர். ஆஸ்துமா என்ற நோயின் அடிப்படை இந்த அழற்சி. நாம் கண்ணால் பார்க்கிற இழுப்பு, கன்றிய தோளில் விழுந்த தட்டு.

அதாவது, நன்றாக ஓடி, சிரித்து, தேர்வெழுதித் திரிகிற நாளிலும் உள்ளே சவ்வு கொஞ்சம் வீங்கித்தான் இருக்கலாம். இழுப்பு நின்றுவிட்டால் ஆஸ்துமா போய்விட்டது என்று நினைப்பது, யாரும் தட்டாததால் தோல் ஆறிவிட்டது என்று நினைப்பதுபோல. "ஒரு வருஷமா எனக்கு ஒண்ணும் வரலை, அதனால மருந்தை நிறுத்திட்டேன்" என்று சொல்லும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்க நினைப்பது, ஒருவேளை மருந்தால்தான் ஒரு வருஷமாக வரவில்லையோ என்பதைத்தான். ஆஸ்துமாவுக்கு முழுத் தீர்வு தரும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் பெரும்பாலானோருக்கு அதை இருக்கும் இடம் தெரியாத அளவுக்குக் கட்டுக்குள் வைக்க முடியும். இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் ஒன்று பயம் வரும், இல்லை அலட்சியம் வரும்.

தூண்டுவது வேறு, காரணம் வேறு

கன்றிய மூச்சுக்குழாயைத் தட்டிவிடுகிற எதையும் தூண்டி என்று சொல்வோம். தூசி ஒரு தூண்டிதான், ஆனால் "தூசி அலர்ஜி" என்று மொத்த நோய்க்கும் பெயர் வைத்துவிடுவதால் நாம் வேறு பலவற்றைக் கவனிக்காமல் விடுகிறோம். சாதாரண சளிக்காய்ச்சல் வைரஸ்தான் பலருக்கும் மிகப் பெரிய தூண்டி. குளிர்ந்த வறண்ட காற்று, மகரந்தம், பூஞ்சை, சிகரெட் புகை, வாகனப் புகை, வாசனை ஸ்பிரே, செல்லப்பிராணிகள், கரப்பான்பூச்சி, விழுந்து விழுந்து சிரிப்பது எல்லாமே இந்தப் பட்டியலில் உண்டு. சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளே இழுப்பைக் கொண்டுவரும் என்பதால், தலைவலிக்கு நண்பன் நீட்டும் மாத்திரையைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். எல்லாருக்கும் எல்லாமே தூண்டியாக இருப்பதில்லை. உங்களுடையது எது என்று நீங்கள்தான் கவனித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

தூசி என்று பொதுவாகச் சொல்வதிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆள் ஒளிந்திருக்கிறார். வீட்டுத்தூசிச் சிலந்திப்பேன் என்ற, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத உயிரி. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. தொல்லை கொடுப்பது பெரும்பாலும் அதன் கழிவு. எத்தனையோ பேர் கைமாறி வந்த விடுதி மெத்தையில் படுத்த முதல் வாரத்திலேயே இருமல் தொடங்குகிறது என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் இந்த உயிரி செத்துவிடும்.

தூண்டியும் கன்றிய குழாயும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு மறக்க முடியாத ஒரு உதாரணம் உண்டு. 2016 நவம்பர் 21 மாலை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இடியுடன் புயல் வீசியது. காற்றில் நிறைந்திருந்த புல்லின் மகரந்தத் துகள்கள் ஈரத்தில் வெடித்து, நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய நுண்துகள்களாகச் சிதறின. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்துபோனார்கள். பாதிக்கப்பட்டவர்களில் நிறையப் பேருக்கு அதுவரை ஆஸ்துமா இருப்பதாகவே தெரியாது, வெறும் தும்மலும் மூக்கொழுகலும் மட்டும் இருந்தவர்கள்.

சரி, மனசு? இதில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் என்ற உளப்பகுப்பாய்வாளர் ஆஸ்துமாவை மனச்சிக்கலோடு பிணைந்த ஏழு நோய்களில் ஒன்றாக வைத்தார், மருத்துவ உலகின் ஒரு பகுதி அதை நம்பவும் செய்தது. மூச்சுக்குழாயின் அழற்சியைத் திசுவாக எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க முடிந்த பிறகு அந்தக் கருத்து நிற்கவில்லை. ஆனால் "எல்லாம் மனசுதான்" என்ற பேச்சு மட்டும் இன்னும் நம்மோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. தேர்வு பயமும் அழுகையும் கோபமும் இழுப்பைத் தூண்டலாம், அது உண்மை. அவை தட்டுகிற கை மட்டுமே. தோல் கன்றியிருப்பது மனசால் அல்ல. மூச்சுத் திணறும் ஒருவரிடம் அது மனப்பிரமை என்று சொல்வது, அவர் உதவி கேட்கும் நேரத்தைத் தள்ளிப்போட வைக்கிறது.

அப்படியென்றால் அந்த அழற்சியே ஏன் வருகிறது? பரம்பரையும் வளரும் சூழலும் சேர்ந்து என்பதுதான் சுருக்கமான பதில். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்பது மட்டும் நிச்சயம். ஒரே டம்ளரில் குடிக்கலாம், ஒரே அறையில் தூங்கலாம்.

இரண்டு இன்ஹேலர், இரண்டு வேலை

மேலே சொன்ன இரண்டையும், அதாவது அழற்சி தொடர்ந்து இருக்கிறது, இழுப்பு எப்போதாவது வருகிறது என்பதை, மனதில் வைத்துக்கொண்டால் மருந்துகள் ஏன் இரண்டு வகை என்பது உடனே புரியும்.

முதல் வகை நிவாரணி. சால்பியூட்டமால் போன்றவை. இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும், நாலு முதல் ஆறு மணி நேரம் வரை பலன் இருக்கும். இரண்டாவது வகை தடுப்பு இன்ஹேலர். புடெசோனைடு, பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள். இவை அழற்சியை ஆற்றுகின்றன, அதனால் தினமும் எடுக்க வேண்டும், பலன் தெரிய நாட்களும் வாரங்களும் ஆகும். இழுப்பு வந்த அந்த நிமிடத்தில் தடுப்பு இன்ஹேலரை மட்டும் எடுத்தால் மூச்சு உடனே திறக்காது. இந்த ஒரு காரணத்தாலேயே "இது வேலை செய்யலை" என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நிவாரணி ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பது. தடுப்பு மருந்து கூரையைச் செப்பனிடுவது. மழை கொட்டும்போது பாத்திரம் அவசியம்தான், ஆனால் பாத்திரத்தை வைத்துக்கொண்டே எத்தனை வருஷம் ஓட்டுவது?

இந்தக் கேள்விக்கு உலகளவில் ஒரு தெளிவான பதில் 2019இல் வந்தது. ஜினா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய அமைப்பு 1993இல் தொடங்கப்பட்டது. மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டுதலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும், ஆஸ்துமா எவ்வளவு லேசாக இருந்தாலும், சால்பியூட்டமால் போன்ற நிவாரணியை மட்டும் தனியாக வைத்துக் காலம் தள்ளுவதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று 2019இல் அது அறிவித்தது. அழற்சியை ஆற்றும் மருந்து ஏதோ ஒரு வடிவில் கூடவே இருக்க வேண்டும். இரண்டு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த இன்ஹேலர்களும் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றை நிவாரணியாகவே பயன்படுத்தலாம். ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று மருத்துவரிடம் ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஒரு எளிய கணக்கு சொல்கிறேன். சால்பியூட்டமால் இன்ஹேலர் ஒன்றில் வழக்கமாக 200 முறை அடிக்கும் அளவுக்கு மருந்து இருக்கும். ஒரே ஆண்டில் மூன்று அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் கடும் இழுப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்று ஜினா எச்சரிக்கிறது. மாதம் ஒன்று தீர்கிறது என்றால் உயிராபத்தே கூடுகிறது.

"அடிமை", "ஸ்டீராய்டு", "கடைசிக் கட்டம்"

இன்ஹேலர் பற்றிய பயம் இந்த மூன்று வார்த்தைகளில் அடங்கிவிடும்.

இன்ஹேலருக்கு யாரும் அடிமையாவதில்லை. கண்ணாடி இல்லாமல் கரும்பலகை தெரியாத ஒருவரைக் கண்ணாடிக்கு அடிமை என்று நாம் சொல்வதில்லை. நிவாரணி அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் உள்ளே அழற்சி ஆறவில்லை என்று பொருள், அதற்குத் தீர்வு மருத்துவரைப் பார்ப்பது. இன்ஹேலரை ஒளித்து வைத்தால் அழற்சி ஆறாது.

ஸ்டீராய்டு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்கப் போடும் ஊசி. அது வேறு ரகம். ஆஸ்துமாவில் பயன்படுவது நம் அட்ரினல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்ட்டிசோலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அளவையும் பாருங்கள்: தடுப்பு இன்ஹேலரில் பலருக்கும் ஒரு நாளைக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் புடெசோனைடு போதும். கடும் இழுப்பு வந்து மாத்திரையாகக் கொடுக்க நேர்ந்தால் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசலோன் கொடுப்பார்கள். ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து என்பதால் எடைக்கு எடை ஒப்பிடுவது முழுக்கச் சரியில்லைதான், ஆனாலும் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்கே போவதால் எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறது என்பது இதிலிருந்து தெரியும். பக்கவிளைவே கிடையாதா என்றால், உண்டு. குரல் கம்முவது, வாயில் வெள்ளைப் பூஞ்சை படிவது. எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பினால் பெருமளவு தவிர்க்கலாம். அதிக அளவில் நெடுங்காலம் எடுத்தால் வேறு விளைவுகளும் வரலாம் என்பதால்தான், நோய் கட்டுக்குள் வந்ததும் மருத்துவர் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார். அந்தக் குறைப்பை நாமே செய்துகொள்ளக் கூடாது.

மூன்றாவது, மாத்திரையெல்லாம் பலிக்காமல் போனால்தான் இன்ஹேலர் என்பது. கையடக்க அழுத்த இன்ஹேலர் 1956லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று இன்ஹேலர்தான் முதல் கட்ட மருந்து.

ஆனால் ஒன்று. இன்ஹேலரைச் சரியாக எடுப்பவர்களைவிடத் தவறாக எடுப்பவர்கள்தான் அதிகம். அழுத்த வகையென்றால் நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக ஆழமாக இழுக்கத் தொடங்கியதும் ஒருமுறை அழுத்தி, இழுத்து முடித்து 10 விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை, இருந்தால் இது இன்னும் சுலபம், தொண்டையில் படிவதும் குறையும். பொடி வகை இன்ஹேலரில் முறையே வேறு. அதை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். மருந்தை மாற்றுவதற்கு முன்னால் எடுக்கும் முறையை மருத்துவர் முன்னால் ஒருமுறை செய்துகாட்டுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: நிவாரணி தசையைத் தளர்த்துகிறது, தடுப்பு மருந்து அழற்சியை ஆற்றுகிறது. முதலாவதை மட்டும் நம்பி இருப்பது பாதுகாப்பில்லை.

கல்லூரி வயதில் மட்டும் ஏன் இத்தனை சிக்கல்

18 வயது வரை மருந்தை ஞாபகப்படுத்த வீட்டில் யாராவது இருந்திருப்பார்கள். அதற்குப் பிறகு திடீரென்று மருந்து வாங்குவது, எடுப்பது, மருத்துவரைப் பார்ப்பது எல்லாமே தன் பொறுப்பு. அதே நேரத்தில்தான் தூக்கம் கெடுகிறது, புது அறை, புது மெத்தை, பக்கத்தில் புகைக்கும் நண்பர்கள். சின்ன வயதில் இருந்த ஆஸ்துமா பலருக்கும் வளரிளம் பருவத்தில் அடங்கிப்போவது உண்டு, அதனால் "எனக்குப் போயிடுச்சு" என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. அடங்கியது திரும்பி வரலாம். சின்ன வயதில் சுத்தமாக இல்லாத ஒருவருக்கு 20 வயதுக்கு மேல் புதிதாகவும் தொடங்கலாம்.

இதற்கெல்லாம் மேலே கூச்சம். நாலு பேர் நடுவில் இன்ஹேலரை எடுத்தால் பலவீனமானவர் என்று நினைப்பார்களோ, விளையாட்டில் சேர்க்க மாட்டார்களோ என்ற பயம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் அமெரிக்கத் தடகள வீராங்கனை ஜாக்கி ஜாய்னர்-கெர்ஸி அளவுக்குப் பெரியவரே இதே பயத்தில் இருந்திருக்கிறார். அவருக்கு ஆஸ்துமா என்று தெரிந்தது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மாணவியாக இருந்தபோது. ஓட விடாமல் செய்துவிடுவார்கள் என்று பயந்து அதை மறைத்ததையும், மருந்தை ஒழுங்காக எடுக்காமல் இருந்ததையும் பிற்பாடு அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆபத்தான இழுப்புகளைச் சந்தித்த பிறகுதான் சிகிச்சையை முழுமையாக ஏற்றுக்கொண்டார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டத்லானில் அவர் எடுத்த 7291 புள்ளிகளை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

உடற்பயிற்சி செய்தால் சிலருக்கு இழுப்பு வருவது உண்மைதான். வேகமாக மூச்சு வாங்கும்போது வறண்ட காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சுகிறது, அது தசையைச் சுருங்க வைக்கிறது. பெரும்பாலும் ஓடி முடித்த ஐந்து பத்து நிமிடத்தில்தான் இது உச்சத்துக்கு வரும். அதற்காக விளையாட்டை விட வேண்டியதில்லை. முதலில் உடலை மெதுவாகச் சூடேற்றுவது, தடுப்பு மருந்தை ஒழுங்காக எடுப்பது, மருத்துவர் சொன்னால் விளையாடும் முன் இன்ஹேலர் எடுப்பது போதும். நண்பர்களுக்கும் பயிற்சியாளருக்கும் ஒன்று: ஓடி முடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து இருமுகிறவரைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் அவர் மூச்சைக் கொஞ்சம் கவனியுங்கள்.

புகை பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. சிகரெட் மூச்சுக்குழாயைக் கன்ற வைப்பதோடு ஸ்டீராய்டு இன்ஹேலரின் பலனையும் குறைக்கிறது. பக்கத்தில் இருப்பவர் புகைத்தாலும் பாதிப்பு உண்டு. மின்சிகரெட்டின் ஆவியும் எரிச்சலூட்டும் பொருள்தான்.

"எனக்கு லேசான ஆஸ்துமாதான்"

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் 26.2 கோடி பேருக்கு ஆஸ்துமா இருந்தது, 4,55,000 பேர் அதனால் இறந்தார்கள். தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகள் இதில் ஏராளம். 2014இல் பிரிட்டனில் 195 ஆஸ்துமா இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த அறிக்கை ஒன்று வெளியானது. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மருத்துவ உதவியைக் கேட்காமலோ, உதவி வந்து சேரும் முன்போ இறந்திருந்தார்கள். லேசான ஆஸ்துமா என்று கருதப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

அதனால் "லேசானது" என்ற சொல்லை நான் நம்புவதில்லை. அதைவிட, "கட்டுக்குள் இருக்கிறதா?" என்று கேட்பது பயனுள்ளது. கடந்த நாலு வாரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் மூச்சுத் தொல்லை வந்ததா? ஒரு இரவாவது அதனால் விழித்தீர்களா? வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நிவாரணி தேவைப்பட்டதா? ஆஸ்துமாவை நினைத்து மாடிப்படியையோ விளையாட்டையோ தவிர்த்தீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. என் நண்பனிடம் அன்று யாராவது இதைக் கேட்டிருந்தால் நாலுக்கும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பான்.

இதுவரை ஆஸ்துமா என்று உறுதி செய்யப்படாதவர்கள், ஒரு குழாயில் பலமாக ஊதி காற்றோட்டத்தை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். மூச்சிரைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு.

பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது

அவரை நிமிர்ந்து உட்கார வையுங்கள், கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலும் சரி. படுக்க வைக்காதீர்கள். கூட்டத்தைக் கலையுங்கள். நிவாரணியை எடுத்துக் கொடுங்கள். ஸ்பேசர் இருந்தால் அதில் ஒருமுறை அழுத்தி நாலு மூச்சு, இப்படி நாலு தடவை. நாலு நிமிடம் பொறுங்கள். குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, மயக்கமாகச் சாய்கிறார், வீசிங் சத்தம் திடீரென அடங்கிவிட்டது ஆனால் தவிப்பு குறையவில்லை என்றால் நாலு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். அவரைத் தனியாக விட்டுவிட்டு யாரும் நகராதீர்கள். கேள்வி கேட்பதென்றால் தலையாட்டிப் பதில் சொல்லும்படி கேளுங்கள்.

மூச்சு திரும்பிய பிறகும் வேலை மிச்சம் இருக்கிறது. தசை தளர்ந்திருக்கும், ஆனால் சவ்வின் வீக்கம் வடிய நாட்கள் ஆகும், அந்த நாட்களில் இரண்டாவது இழுப்பு சுலபமாக வரும். எங்கள் அறையில் அன்று விடிந்ததும் எல்லாரும் நிம்மதியாக வகுப்புக்குப் போய்விட்டோம், அவனும் வந்தான். அவனை மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டிய நாள் அது. மூன்றாம் நாள் இரவு மறுபடி வந்தது, அந்த முறை மருத்துவமனையில் நாலு நாள் இருந்தான். இழுப்பு நின்ற ஓரிரு நாளுக்குள் அவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவரே சொன்னாலும்.